நாத்தம் வருதா?

யாரைப் பார்த்தாலும் அவர் முதலில் கேட்பது அதுதான். "நாத்தம் வருதா?"

சாப்பிட்டாயா, பஸ் கிடைத்ததா என்று மற்றவர்கள் கேட்கிற இடத்தில் அவருக்கு இந்தக் கேள்வி. கேட்டுவிட்டு நம் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். தலையாட்டினால் ஒத்துக்கொள்ள மாட்டார். வாய் திறந்து "வருது" என்று சொல்ல வேண்டும். சொன்னதும் அவர் தோள்கள் இறங்கும். பிறகுதான் மற்ற பேச்சு. "வரலை" என்று சொல்லிவிட்டால் அந்த இடத்தில் நிற்க மாட்டார். நம் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார்.

திண்டிவனத்தில் என் தங்கையின் கல்யாணம். மண்டபத்தின் பின்பக்கம், சாக்கடை மூடிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு மாப்பிள்ளையின் அத்தை காற்றாட உட்கார்ந்திருந்தார். இவர் நேராகப் போய்க் கேட்டுவிட்டார்.

"இன்னாம்மா இப்பிடிக் கேக்குற? நாங்க இன்னா குளிக்காமயா வந்துக்கிறோம்?"

"கோச்சுக்காதீங்க. வருதா, வரலையா, அதை மட்டும் சொல்லுங்க."

"வருது தாயே, வருது! உங்க வீட்டு ரசந்தான் நாறுது!"

"நல்லது" என்று சொல்லி, அந்த அம்மாள் பக்கத்திலேயே நிம்மதியாக உட்கார்ந்துகொண்டார். பந்திக்குக் கூப்பிடும் வரை இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. நாங்கள் வேலை பார்த்த கழிவுநீர் நிலையம் எந்த ஊருடையது என்பதையும் விட்டுவிடுகிறேன். அங்கே இருந்தவர்கள் பலர் இன்னும் அங்கேயே இருக்கிறார்கள். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகிற நெடுஞ்சாலையில் இறங்கி, எங்கள் பக்கம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக் கொல்லைகளுக்கு நடுவே உள்ளே நடக்க வேண்டும் என்பது மட்டும் போதும். நான் 1993இல் எழுத்தராகச் சேர்ந்தேன். அவர் அங்கே பொறியாளர். என்னைவிடச் சில வயது மூத்தவர், தனியாக இருந்தார், திண்டிவனத்தில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. அதனால் அலுவலகத்தில் "மேடம்", பஸ்ஸில் "அக்கா".

சேர்ந்த புதிதில் ஒரு காலை, பஸ்ஸில், டிபன் பாக்ஸைத் திறந்து என் மூக்கருகே நீட்டினார்.

"மோந்து பாரு."

"ஊசிப் போச்சுக்கா."

"அப்படியா?" என்று மூடிவைத்தார். "எனக்கு மூக்கு வேலை செய்யாதும்மா." குடை கொண்டுவரவில்லை என்பதைப் போலச் சொன்னார்.

அன்றிலிருந்து அவருடைய மூக்கு நான்தான். பால், குடிதண்ணீர், முந்தின நாள் குழம்பு, அலமாரியிலிருந்து எடுத்த புடவை என்று எல்லாவற்றையும் என்னிடம் நீட்டுவார். நான் தலையில் வைத்திருந்த பூவைத் தொட்டு ஒருமுறை கேட்டார், "மல்லி எப்பிடி இருக்கும்?" எனக்குச் சொல்லத் தெரியவில்லை. "எனக்கும் மறந்து போச்சு" என்றார். கூட்டேரிப்பட்டில் பஸ் நிற்கும்போது ஜன்னலில் வறுத்த மல்லாட்டை வரும். அதை மட்டும் விரும்பிச் சாப்பிடுவார். "இதுல ருசியே சத்தந்தான்" என்பார்.

அவருக்கு மூக்கு ஏன் போனது என்று நான் கேட்கவில்லை. அலுவலகத்தில் யாரும் சொல்லவும் இல்லை. கேட்க வேண்டிய கேள்வி இல்லை அது என்பது மட்டும் எல்லோர் முகத்திலும் தெரிந்தது.

மூடிய அறை எதற்குள்ளும் அவர் சட்டென்று நுழைந்து நான் பார்த்ததில்லை. வாசலில் நிற்பார். உள்ளே இருப்பவர்களை ஒவ்வொருவராகப் பார்ப்பார். அவர்கள் மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்க்கிறார் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது பார்க்க வந்தார். தூளியை விலக்கி, தூங்குகிற குழந்தையின் முகத்துக்கு வெகு அருகே குனிந்து, கண்ணை எடுக்காமல் என்னிடம் கேட்டார்.

"நாத்தம் வருதா?"

"பவுடர் வாசனைதாங்க வருது."

"ஏதோ ஒண்ணு வந்தா சரி."

அவர் போன பிறகு நான் குழந்தையைத் தூளியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அன்று முழுக்கக் கீழே விடவில்லை.

நிலையத்தில் ஒரு பழைய குழி இருந்தது. கிணறு அளவுக்கு ஆழம். ஊர்ச் சாக்கடை முழுக்க அதில்தான் வந்து விழும். அடியில் கறுப்பாகச் சேறு படியும். பம்ப் இழுக்காத சேற்றை ஆள் இறங்கித்தான் அள்ள வேண்டும். சுவரில் இரும்பு ஏணி பதித்திருந்தார்கள். அந்தக் குழியை மூட வேண்டும் என்பதைத் தவிர மேடத்துக்கு வேறு ஆசை இருந்ததாக எனக்குத் தெரியாது. சம்பள உயர்வு, இடமாற்றம், சொந்த வீடு எதைப் பற்றியும் அவர் பேசியதில்லை. குழியைப் பற்றி மட்டும் ஆண்டுக்காண்டு மேலே எழுதுவார். வேறு வழி என்ன என்று மேலேயிருந்து கேட்பார்கள். வேறு வழி அப்போது இல்லை.

அந்த வழி வருவதற்கு 2010 தாண்ட வேண்டியிருந்தது. சோதனைக்காக ஒரு டாங்க் வந்தது. காற்றுப் புகாத பெரிய இரும்பு டாங்க். அதற்குள் சாக்கடைத் தண்ணீர் போகும். கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் அதில் இருக்கிற அழுக்கைத் தின்னும். தின்று வாயுவை விடும். அந்த வாயு எரியும். டாங்கின் இன்னொரு பக்கம் சவ்வுகள்; தண்ணீரை மட்டும் வெளியே விட்டு, கிருமிகளை உள்ளேயே நிறுத்திக்கொள்ளும். சவ்வு என்றதும் நான் தோல்போல ஏதோ இருக்கும் என்று நினைத்தேன். பிரித்துப் பார்த்தால் வெள்ளை நூல்கள், உள்ளே துளையோடு, ஆயிரக்கணக்கில், கட்டுக் கட்டாக.

"இது சேமியா மேடம்" என்றார் ஏழுமலை. அவர் நிலையத்தின் ஆபரேட்டர். குழியில் இறங்குகிற முறையும் பெரும்பாலும் அவருடையதாகத்தான் இருக்கும். "இன்னும் முந்திரி ஒண்ணுதான் பாக்கி."

வாயுவில் ஒரு சின்ன எஞ்சின் ஓடியது. அந்த எஞ்சின் பம்பை ஓட்டியது. கரண்ட் போன மாலைகளில் சுற்றுப்பட்டு ஊரெல்லாம் இருட்டாகக் கிடக்கும்; எங்கள் நிலையம் மட்டும் தன் சாக்கடையைத் தானே இறைத்துக்கொண்டிருக்கும். ஊழியர் அறைக்கும் ஒரு குழாய் இழுத்து அடுப்பு வைத்தார்கள். முதலில் அந்த டீயை யாரும் தொடவில்லை. ஏழுமலைதான் தம்ளரைக் கையில் எடுத்து, "இது ஊரே சேர்ந்து போட்ட டீ. நாம வேணான்னா மருவாதி இல்ல" என்று குடித்தார். பிறகு எல்லோரும் குடித்தார்கள்.

மிஞ்சிய வாயு ஒரு குழாய் முனையில் எரியும். வெயிலில் அந்தத் தீ கண்ணுக்குத் தெரியாது. அதற்குப் பின்னால் இருக்கிற பனைமரம் மட்டும் தண்ணீருக்குள் இருப்பதுபோல நெளியும். மேடம் உள்ளங்கையை நீட்டி எரிகிறதா என்று பார்ப்பார். பொழுது சாய்ந்த பிறகுதான் நீலமாக மெல்ல வெளியே வரும். கொல்லையில் களையெடுக்கிற பெண்கள் அதைப் பார்த்துவிட்டு வேகமாக நடப்பார்கள்.

"கொள்ளிவாய்ப் பேயைக் கட்டி வெச்சிக்கினு டீ போட்டுக் குடிக்குது அந்தம்மா" என்று ஒருத்தி சத்தமாகவே சொன்னாள்.

மேடம் திரும்பி நின்றார். "சரியாத்தான் சொல்றீங்க. அதேதான் இது. ஏரியில தன்னால எரியும். இங்க நான் வேலை வாங்கறேன்."

அந்தப் பெண்கள் அதன்பிறகு வேறு வரப்பு வழியாகப் போனார்கள்.

சவ்வுகள் அடைத்துக்கொள்ளும்போது கட்டைக் கழற்றி வெளியே எடுத்துக் கழுவ வேண்டும். வெள்ளையாக உள்ளே போனது கறுப்பாக வரும். கயிற்றில் கட்டித் தூக்கும்போது, நீர் சொட்ட, நீளமாகத் தொங்கும். முதல்முறை பார்த்தபோது எனக்கு அது ஒரு பெண்ணின் தலைமுடியாகத்தான் தெரிந்தது. ஏழுமலை அன்று சேமியா பேச்சை எடுக்கவில்லை. மேடம் முட்டி போட்டு உட்கார்ந்து, ஒரு கையில் தண்ணீர்க் குழாயைப் பிடித்து, மறு கையின் விரல்களால் இழை இழையாகப் பிரித்துக் கழுவினார். தலைக்கு ஊற்றிவிடுவதைப் போலவே இருந்தது. கழுவக் கழுவ நரைத்தது.

இன்னொரு வழக்கம் அவருக்கு. மாலையில் கிளம்புமுன் பழைய குழிக்குப் போவார். பலகை மூடியின்மேல் உள்ளங்கையை வைப்பார். "நாத்தம் வருதா?" என்று கேட்பார். சத்தமாக இல்லை; பக்கத்தில் இருப்பவரிடம் கேட்கிற குரலில். பிறகு காத்திருப்பார். ஒருவர் பதில் சொல்லத் தேவைப்படுகிற நேரம் காத்திருந்துவிட்டு, எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நடப்பார்.

"மேடம் யாரைக் கேக்குறாங்க?" என்று ஏழுமலை என்னிடம் கேட்டார்.

"உங்களைத்தான் இருக்கும்."

"நான் இங்க நின்னுக்கினுல்ல இருக்கேன்."

ஒரு ஆயுத பூஜைக்கு என் மகளை நிலையத்துக்கு அழைத்துப்போயிருந்தேன். அன்று அவள் இதைப் பார்த்திருக்கிறாள். வீட்டில் பொம்மையை அட்டைப்பெட்டியில் வைத்து மூடி, மூடிமேல் கைவைத்து, "நாத்தம் வருதா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். பெட்டியைப் பிடுங்கிப் பரண்மேல் போட்டேன். ஏன் அழவிட்டாய் என்று என் கணவர் கேட்டார்.

கடைசியில் அவரே சொன்னார். அடைமழைக் காலம். மரம் விழுந்து கூட்டேரிப்பட்டில் பஸ் நின்றுவிட்டது. ஜன்னல் தகரத்தை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தோம். மடியில் மல்லாட்டைப் பொட்டலம். நான் கேட்கவில்லை, அவர் பாட்டுக்குச் சொல்லத் தொடங்கினார்.

நான் வேலையில் சேருவதற்குக் கொஞ்சம் முன்னால் நடந்தது. குழியில் சேறு அள்ள ஒருவர் இறங்கினார். மேடம் வேலைக்குப் புதிது. மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மூடியைத் திறந்ததும் அழுகிய முட்டை நாற்றம், நிற்க முடியவில்லை. இறங்கினவர் பாதி ஏணியில் இருமினார். மேடத்துக்கு மனசு கேட்கவில்லை. மேலேயிருந்து கேட்டார், "நாத்தம் வருதா? ஏறிடறீங்களா?"

"அவர் அண்ணாந்து பார்த்துச் சிரிச்சாரும்மா. 'இல்லைங்கம்மா, இப்ப நாத்தமே இல்ல. நல்லாருக்கு'ன்னார். எனக்கு நிம்மதியாப் போச்சு. பரவால்ல, பழகிட்டாருன்னு நினைச்சேன்."

பஸ் கூரையில் மழை கொட்டியது. அவர் ஒரு மல்லாட்டையை உடைத்தார், சாப்பிடாமல் கையில் வைத்துக்கொண்டார்.

"அந்த வாயு கொஞ்சமா இருந்தா நாறும். அதிகமாச்சுன்னா முதல்ல மூக்கைத்தான் கொல்லும். நாத்தம் நின்னு போச்சுன்னா அது போயிடுச்சுன்னு அர்த்தமில்ல. நிறைஞ்சிடுச்சுன்னு அர்த்தம். அது எனக்குப் படிக்கும்போதே தெரியும். பரீட்சைல எழுதியிருக்கேன். அவர் சொன்னப்ப ஞாபகத்துக்கு வரலை."

அவர் ஏணியிலிருந்து சரிந்ததும், மேடம் கையை நீட்டிப் பிடிக்கக் குழிக்குள் குனிந்திருக்கிறார். அவ்வளவுதான் நினைவிருக்கிறதாம். யாரோ காலைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள். கண் விழித்தபோது ஆஸ்பத்திரி, மூக்கு போய்விட்டது. அந்த மனிதரும் போய்விட்டார்.

"நான் கேட்டேன். அவர் பதில் சொன்னார். நான்தான் அதைக் காதுல வாங்கலை" என்றார். பிறகு, "அதான் மறுபடி கேக்கறேன்."

சாயங்காலங்களில் மூடிமேல் கைவைத்து அவர் யாரைக் கேட்கிறார் என்று அன்றைக்குத் தெரிந்தது. தெரிந்த பிறகு அதைப் பார்ப்பது இன்னும் கடினமாகிவிட்டது. நான் முன்னாலேயே கிளம்பி, சாலையில் நின்று காத்திருக்கத் தொடங்கினேன்.

சோதனைக் காலம் முடிகிற நேரத்தில் மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி பார்வையிட வருவதாக ஏற்பாடானது. டாங்க் நன்றாக நடக்கிறது என்று அவர் ஒப்புக்கொண்டால், இதேபோலப் பெரிதாகக் கட்டிப் பழைய குழியைக் கான்கிரீட் போட்டு மூடிவிடலாம். ஒப்புக்கொள்ளாவிட்டால் டாங்க்கைப் பிரித்து எடுத்துப்போய்விடுவார்கள். ஏழுமலையும் மற்றவர்களும் ஏணியில் இறங்கவேண்டியதுதான். மேடத்துக்கு ஓய்வு வயது நெருங்கிக்கொண்டிருந்தது. இன்னொரு சோதனைக்கு அவர் இருக்க மாட்டார்.

விழா வேலைக்கு ஒரு கான்ட்ராக்டர் ஆட்களைக் கொண்டுவந்தார். பெரியவர் வருகிறார், நாற்றம் தெரியக்கூடாது என்பதுதான் அவருடைய கவலை. வாசலில் வாழைமரம், பந்தல் முழுக்க மல்லிகைச் சரம், நாலு மூலையிலும் ஊதுபத்தி. வாய்க்கால் சிமெண்ட் கறுத்துக் கிடந்ததைப் பார்த்து, கக்கூஸ் கழுவுகிற ஆசிட்டைக் கேன் கேனாக ஊற்றித் தேய்க்கச் சொன்னார். சிமெண்ட் வெளுத்தது. ஆசிட் வாய்க்கால் வழியாகக் குழிக்குப் போனது. மேடம் அப்போது அதிகாரியை வரவேற்க நெடுஞ்சாலையில் நின்றிருந்தார். குழிச் சேற்றில் ஆசிட் பட்டால் அடங்கிக் கிடக்கிற வாயு மொத்தமாகக் கிளம்பும் என்று சொல்ல அங்கே யாரும் இல்லை.

வாயு கசிந்தால் கத்துகிற மஞ்சள் பெட்டி ஒன்று குழிச் சுவரில் மாட்டியிருந்தது. அது கத்தியிருக்கிறது. நாதஸ்வரம் வாசிக்கிற நேரத்தில் கீச்சு கீச்சென்று பேஜாரு பண்ணுகிறதே என்று பந்தல் ஆள் ஒருவர் அதைக் கழற்றி, அலுவலகத்தில் மேஜை இழுப்பறைக்குள் வைத்து, மேலே ஒரு துண்டையும் போட்டு மூடியிருக்கிறார். இவை எல்லாம் பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டது.

நான் கண்ணால் பார்த்தது இது. பந்தலில் அதிகாரி. அவருக்குப் பக்கத்தில் மேடம், பட்டுப்புடவையில். நான் தட்டு ஏந்தி நின்றேன். கொஞ்சம் தள்ளிப் பழைய குழி, மூடி திறந்திருந்தது. வாசலில் கட்டிய மாலையொன்று வாய்க்காலில் விழுந்து, குழியின் கம்பித் தடுப்பில் சிக்கிக்கொண்டதாம். "ஜல்தி எடுத்துடுப்பா, சார் இந்தப் பக்கம் வருவாரு" என்று கான்ட்ராக்டர் சொல்ல, ஏழுமலை ஏணியில் நாலைந்து படி இறங்கி, கொக்கியால் அதை இழுத்துக்கொண்டிருந்தார். அவர் தலை மட்டும் தரைக்கு மேலே தெரிந்தது.

அதிகாரி மூச்சை நன்றாக இழுத்துவிட்டார். "சாக்கடை நிலையம்னு சொன்னாத்தான் தெரியும். கொஞ்சங்கூட நாத்தம் இல்லையே!"

எல்லோரும் சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை. பழக்கம் அவரை விடவில்லை. குழிப் பக்கம் திரும்பினார்.

"ஏழுமலை! நாத்தம் வருதா?"

அவர் அண்ணாந்து பார்த்தார். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. விழாவுக்குக் கொடுத்த புதுச்சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை.

"காலைல முட்டை நாத்தம் கொடலைப் பொரட்டிச்சு மேடம். இப்ப நாத்தமே இல்ல. நல்லாருக்கு."

மேடத்தின் முகத்தில் அப்போது தெரிந்ததைப் பயம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பல ஆண்டுகளாகத் தட்டிக்கொண்டிருந்த கதவு உள்ளேயிருந்து திறந்தால் எப்படிப் பார்ப்போமோ, அப்படிப் பார்த்தார். பிறகு அதிகாரியை இரு கையாலும் தள்ளினார். "காத்து வர்ற பக்கம் ஓடுங்க! எல்லாரும்! நாதஸ்வரம் நிறுத்து!"

ஏழுமலையின் தலை தரைக்கு மேலே இல்லை.

மேடத்தின் கட்டாய விதி ஒன்று இருந்தது. குழிப் பக்கம் யார் போனாலும் இடுப்பில் கயிறு, மறுமுனை இரும்புத் தூணில். "மாட்டைக் கட்ற மாதிரி கட்றாங்கப்பா" என்று ஏழுமலையே கிண்டல் செய்வார். அன்று புதுச்சட்டைமேல் கயிறு அசிங்கமாக இருக்கிறது என்று கான்ட்ராக்டர் அவிழ்க்கச் சொல்லியிருக்கிறார். மேடம் திட்டுவார் என்று பயந்து ஏழுமலை அதைச் சட்டைக்குள் கட்டிக்கொண்டிருந்தார்.

மேடம் குழி ஓரத்துக்குப் போகவில்லை. தூணுக்குப் போனார். கயிற்றைப் பிடித்து இழுத்தார். நான் தட்டைப் போட்டுவிட்டு அவர் பின்னால் பிடித்தேன். "மூச்சு விடாதே, இழு" என்றார். எனக்குப் பின்னால் இன்னொரு பிடி விழுந்தது. யாரென்று திரும்பினால் அந்த அதிகாரி, வெள்ளைச் சட்டையோடு. எவ்வளவு நேரம் இழுத்தோம் என்று தெரியாது. ஒரு கட்டத்தில் என்னால் மூச்சை அடக்க முடியவில்லை, இழுத்துவிட்டேன். தலையில் மல்லி, பந்தலில் ஊதுபத்தி, கீழே விழுந்த தட்டில் கற்பூரம். எனக்கு எதுவும் மணக்கவில்லை. வெறும் காற்றுகூட இல்லை, மூக்கே இல்லாததுபோல. அது ஒரு கணம்தான். காற்று திசை மாறியது, முட்டை நாற்றம் முகத்தில் அடித்தது, நான் வாந்தி எடுத்தேன். "வருது! வருதுங்க!" என்று கத்தினேன். அவர் கேட்காமலே.

ஏழுமலை துணி மூட்டைபோல வெளியே வந்தார். இழுத்துக்கொண்டு காற்று வருகிற பக்கம் ஓடினோம். மல்லாட்டைக் கொல்லையில் கிடத்தினோம். உதடு நீலமாக இருந்தது. மேடம் அவர் மார்பில் குத்தினார், வாயில் ஊதினார், மறுபடி குத்தினார். அவர் இருமி, புரண்டு, செடிமேல் வாந்தி எடுத்தபோது, மேடம் அவர் காதருகே குனிந்து கேட்டார்.

"நாத்தம் வருதா?"

ஏழுமலை கண்ணைத் திறந்து பார்த்தார். தலையை ஆட்டினார். மேடம் ஒத்துக்கொள்ளவில்லை.

"வாயால சொல்லு."

"வருது... மேடம்" என்றார் அவர். அழுதுகொண்டே, "எம்மேலயே வருது."

மேடம் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

குழியை மூட அந்த அதிகாரியே உத்தரவு போட்டார். கயிறு உரித்த உள்ளங்கைக் கட்டோடு அவர் கையெழுத்திட்டதாகச் சொன்னார்கள். அதை நான் பார்க்கவில்லை. கான்கிரீட் ஊற்றுகிற நாளில் மேடம் என்னையும் கூட வரச் சொன்னார். இம்முறை நான் சாலைக்குப் போய் நிற்க முடியவில்லை. பலகை மூடிமேல் கை வைத்தார். அதே குரலில் கேட்டார். காத்திருந்தார். அன்று வழக்கத்தைவிட அதிக நேரம். கலவை எஞ்சின் ஓடிக்கொண்டிருந்ததால் எனக்கு வேறு எதுவும் காதில் விழவில்லை.

அவர் தலையசைத்தார். "சரி" என்று எழுந்தார்.

"என்னக்கா?"

"வருதாம்" என்றார்.

அதன்பிறகு அவர் யாரிடமும் அந்தக் கேள்வியைக் கேட்டதாக எனக்குத் தெரியாது. ஓய்வு பெற்றார். மாலையில் திண்டிவனம் கடைத்தெருவில் பார்ப்பேன். சாப்பிட்டியா என்று கேட்பார். அது எனக்குப் புதிதாக, கொஞ்சம் கலவரமாகக்கூட இருந்தது.

ஒருநாள் காலை போன் செய்தார். குரலில் அப்படியொரு சந்தோஷம். "எனக்கு நாத்தம் வருதும்மா!"

பால் பொங்குகிற வாசனையா, பூவா என்று கேட்டேன். இல்லை, முட்டை நாற்றம், வீடு முழுக்க, ராத்திரியிலிருந்து என்றார். ஓடிப்போய்ப் பார்த்தேன். வீட்டில் நாற்றம் எதுவும் இல்லை. சாக்கடை, காஸ் அடுப்பு, கழிவறை எல்லாம் மோந்து பார்த்தேன். "உனக்கு வரலையா?" என்று கேட்டார். அவரிடம் "வரலை" என்று சொல்லிப் பழக்கமில்லாததால், "லேசா வருதுக்கா" என்றேன்.

முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் தலையைப் படம் எடுத்தார்கள். உள்ளே ஒரு கட்டி இருந்தது. இல்லாத நாற்றத்தை மூளை அப்படி உண்டாக்குமாம். டாக்டர் பொறுமையாக விளக்கினார். அவர் கேட்டுக்கொண்டு, "இருக்கட்டும் டாக்டர், வந்துக்கினே இருக்கட்டும்" என்றார். வார்டில் படுத்திருந்த வாரங்களில் அவர் பயப்பட்டு நான் பார்க்கவில்லை. நாற்றம் இருக்கிறவரை ஒன்றும் ஆகாது என்பதை அவரைவிட நம்பினவர்கள் யாரும் இல்லை. ஏழுமலை ஆரஞ்சுப் பழத்தோடு வருவார். "இன்னா மேடம், ஸ்டெடியா நாறுதா?" என்பார். "ஸ்டெடியா இருக்கு" என்று அவர் சிரிப்பார்.

கடைசி நாளில் மதியச் சாப்பாட்டு வேளை. நான் மட்டும் இருந்தேன். ஆரஞ்சை உரித்துக்கொண்டிருந்தேன். தோலின் வாசனை, தரை துடைத்த பினாயில், பக்கத்துக் கட்டிலில் யாரோ பிரித்த சாம்பார் சாதம் எல்லாம் எனக்கு வந்துகொண்டிருந்தன. அவர் கண்ணை மூடிக் கிடந்தார். திடீரென்று கண்ணைத் திறந்து, கட்டிலின் கால்மாட்டுக்கு மேலே, உயரத்தில், யாரோ குனிந்து பார்ப்பதுபோல அண்ணாந்து பார்த்தார். சிரித்தார். நான் எதுவும் கேட்டிருக்கவில்லை.

"இல்லைங்க" என்றார். "இப்ப நாத்தமே இல்ல. நல்லாருக்கு."

ஆரஞ்சு என் மடியிலிருந்து உருண்டது. அவர் சொல்லிக்கொடுத்தபடி எழுந்து ஓட வேண்டும் என்று கால் சொன்னது. ஓடவில்லை. கையில் அகப்பட்டது அவர் போர்வையின் ஓரம். அதை இரண்டு கையாலும் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு, என் பக்கமாக இழுத்தேன். நர்ஸ் வந்து என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிடும்வரை இழுத்துக்கொண்டே இருந்தேன்.